அபிராமியின் மாறாத எண்கள்

2007இல் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், கட்டிங் பிரிவுக்கு அளவுத் தாள் அச்சடித்துத் தருவது அபிராமியின் வேலை. அவளுடைய அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்து அங்கேயே அயர்ன் போடுகிறவர். செக்கிங் மேஜையிலிருந்த அவளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோதே மேனேஜர் சொல்லிவிட்டார்: ஒரு தாள் தப்பினாலும் திரும்பச் செக்கிங்தான்.

கல்லூரியில் படித்த ஹாஸ்கெல் மொழியில் அவளே புரோகிராம் எழுதியிருந்தாள். அதன் முதல் வரிகளில் மாறாத மதிப்புகள். சுருக்கம் என்ற பெயருக்கு ஐந்து. துவைத்தால் துணி நூற்றுக்கு ஐந்து சுருங்கும், அதைக் கூட்டி வெட்ட வேண்டும். எழுபது சென்டிமீட்டர் சட்டைக்கு எழுபத்து மூன்றரை.

சாயப்பட்டறையிலிருந்து தனித்தனித் தொகுதியாக, லாட் லாட்டாகத் துணி வரும். இரண்டாவது லாட் துணியைத் துவைத்துப் பார்த்தால், ஏழு சுருங்கியது. அபிராமி கீழே இன்னொரு வரி எழுதினாள்: சுருக்கம் ஏழு. ஒரே பெயருக்கு இரண்டு மதிப்பா என்று கம்ப்யூட்டர் மறுத்தது. ஐந்தை அழித்து ஏழு போட்டாள். ஏற்றுக்கொண்டது. இரண்டாவது லாட் தாள் சரியாக வந்தது. முதல் லாட்டில் மீதமிருந்த துணிக்கும் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தாள்.

கட்டிங் மாஸ்டர் அர்த்தநாரி கீழேயிருந்து கூப்பிட்டார். அவள் இறங்கிப் போனபோது அறுபது மடிப்புத் துணி விரித்து, கத்தியோடு நின்றார்.

"ஏங்கண்ணு, அதே லாட்டுத் துணி. நேத்து எழுபத்து மூணரை, இன்னிக்கு எழுபத்தஞ்சைத் தொடுது. ராத்திரியில துணி வளந்துருச்சாக்கும்?"

"அந்த லாட்ட நான் தொடவே இல்லண்ணே."

"பின்ன யாரு, பேயா?"

ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடினால், சரக்கு வாங்கும் பையர் எடுக்கமாட்டார். அபிராமிக்குக் குழப்பம். மாறக்கூடாது என்று அடம்பிடித்த மொழியில், பழைய லாட்டின் அளவு எப்படி மாறியது? சற்று யோசித்தபின்தான் உறைத்தது. இரண்டு லாட்டும் பார்த்தது ஒரே பெயரை. அவள் மாற்றியது எல்லோருக்குமான எண்.

தாளில் பேனாவால் எழுபத்து மூன்றரை என்று திருத்தினாள். மாஸ்டர் டேப் வைத்து அளந்தபிறகே கத்தியை ஓட்டினார்.

"மேனேஜர்கிட்டச் சொல்லலை போ. ஆனா இனிமே லாட்டு நம்பர் இல்லாத தாளை நான் வாங்கமாட்டேன்."

மேலே வந்து, லாட் எண்ணைக் கொடுத்தால் சுருக்கத்தைச் சொல்லும்படி எழுதினாள். அடுத்த வரி, தையலுக்கு விடும் அளவு. இறங்கிப் போய்க் கேட்டாள்:

"அண்ணே, தையலுக்கு விடுறது மாறாதுல்ல?"

"எந்த மெசினுன்னு சொல்லு, சொல்றேன்."

அந்த வரியையும் அழித்தாள். அதற்கடுத்தது துணியின் கனம். அதன்மேல் கர்சரை வைத்துக்கொண்டு, இதுவாவது மாறாமல் இருக்குமா என்று யோசித்தாள்.