‘வரேன்’ என்று போனவருக்காகக் காத்திருந்தவன்

என் தம்பி ஒடார்ட்டே எங்கள் தலைநகர் அக்ராவில், நாடாளுமன்ற அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் நான்கு மாதம் பியூனாக இருந்தான். நான் ஆறாவதோடு பள்ளியை விட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். அவன் பத்துவரை படித்தான். சபை நிறைவேற்றும் மசோதாக்களை அதிபர் மாளிகையில் கொடுத்து, தபால் நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்கி வருவது அவன் வேலை. இப்போது அதற்கெல்லாம் வேறு வழி வந்துவிட்டதாம்.

அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் அதிபர் மசோதாவை ஏற்கவேண்டும், இல்லையென்றால் மறுக்கவேண்டும். கையெழுத்து விழாவிட்டால் நாள் கணக்கே தொடங்காது.

ஒரு வருடம் டிசம்பரில் சபைக்கும் அதிபருக்கும் ஆகவே ஆகாது. சந்தையில் கடை வைத்திருக்கும் பெண்களை மூன்று மாத நோட்டீஸ் இல்லாமல் காலிசெய்யக் கூடாது என்று சபை ஒரு மசோதா நிறைவேற்றியிருந்தது. அதிபருக்கு அது பிடிக்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதியோடு சபையின் ஆயுள் முடிகிறது. அதற்குள் சட்டமாகாவிட்டால் மசோதா செத்ததுதான். என் கடையும் சந்தையில்தான் இருந்தது.

பதினெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒடார்ட்டே அதிபர் மாளிகையில் மசோதா உறையை நீட்டினான். தபால் வாங்கும் அதிகாரி ஒஃபோசு உடனே எழுந்தார். “இதோ வரேன்” என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் எல்லோரும் “வரேன்” என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி யாரும் காத்திருப்பதில்லை. ஒடார்ட்டே உட்கார்ந்துவிட்டான்.

மதியம் காவலாளி டான்சோ சிரித்தார். “ஏம்பா, வரேன்னா போறேன்னு அர்த்தம். உங்க வீட்ல சொல்லித் தரலையா?”

“வரேன்னவங்க வர்றப்ப நாம இல்லாமப் போனா மரியாதை இல்லைன்னு எங்க அக்கா சொல்லித் தந்திருக்கு, அண்ணே.”

“அப்ப உங்க அக்காவே வந்து சோறு போடட்டும்!”

சொன்னாரே தவிர, தன் கென்கே சோள உருண்டையில் பாதியும் பொரித்த மீனும் கொடுத்தார். மிளகாய் விழுது உறையில் பட்டுவிடுமோ என்று ஒடார்ட்டே சாப்பிடவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மறந்துபோன கார் சாவிக்காக ஒஃபோசு திரும்பினார்.

“நீ இன்னும் போகலையா?”

“வரேன்னு சொன்னீங்களே ஐயா. வந்துட்டீங்க.”

வராந்தாவே சிரித்தது. அவராலும் அடக்க முடியவில்லை. “சரியான ஆளுய்யா நீ. எங்க போடணும்?”

“இங்க ஐயா. தேதியும்.”

“நாளைக்குத் தேதி போட்டா?”

“ஐயா வந்தது இன்னைக்குத்தானே.”

போட்டார்.

கையெழுத்து விழுந்த ஆறாம் நாள் அதிபரின் கடிதம் வந்தது: மூன்று மாதம் அதிகம், ஒரு மாதமென்றால் சம்மதம். சபையில் ஒரே கூச்சல். ஆனால் நாள் இல்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொண்டு மறுபடி அனுப்பினார்கள். இம்முறை ஒஃபோசு நாற்காலியை விட்டு எழவில்லை. ஜனவரி மூன்றாம் தேதி அது சட்டமானது.

“மூணு மாசத்தை ஒரு மாசமாக்கிட்டாங்களேடா” என்றேன்.

“ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டே நின்னிருந்தா அதுவும் இல்ல, அக்கா.”

இரண்டு வருடம் கழித்து எங்கள் வரிசைக்கு நோட்டீஸ் வந்தது. கையில் முப்பது நாள் இருந்தது. இடம் தேடினேன், வாடிக்கைக்காரிகள் நாற்பத்திரண்டு பேருக்கும் புது விலாசம் சொன்னேன். இருபத்தொன்பதாம் நாள் மிஷினைத் தூக்க ஒடார்ட்டே லீவு போட்டுவிட்டு வந்தான்.

அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்திகூட அன்று என்னை விட்டுப் போகவில்லை.