ஐந்து பித்தளைத் தோட்டாக்கள்

என் முதல் நாடகத்தில் எனக்கு ஒரே ஒரு வசனம். அதுவும் தமிழ் இல்லை. "குரா!" என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். ஜப்பான்காரன் யாரையாவது அதட்டினால் அப்படித்தான் கத்துவான் என்று எங்கள் ஆசிரியை எங்கோ கேட்டு வந்திருந்தார். நாடகம், போர்க்காலத்தில் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைப் பிடித்துப்போய்ச் சயாமில் ரயில் பாதை போடவைத்த கதை. பையன்கள் அத்தனை பேருக்கும் சயாமுக்குப் போய், தண்டவாளம் போட்டு, வீரமாகச் சாகிற வேடம்தான் வேண்டுமாம். சுடுகிறவனாக நிற்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் உயரமானவள் நான். அதனால் கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியின் ஜப்பானியச் சிப்பாய், இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணாகப் போய்விட்டான்.

அந்த நாடகப் போட்டியில் எங்கள் பள்ளிக்கு ஒரு பழைய அவமானம் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் நாடகத்து வேட்டைக்காரன் துடைப்பக்கட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அரங்கமே சிரித்தது. திகாம் பத்து என்ற ஊர்ப் பள்ளிக்காரர்கள் உயிருள்ள ஆட்டையே மேடை ஏற்றி, முதல் பரிசான சுழற்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டத்தில் யாராவது துடைப்பத்தை எடுத்தாலே அந்தச் சிரிப்பு எங்கள் காதில் விழுந்த காலம் அது. இந்த வருஷம் யாரும் சிரிக்கக் கூடாது என்பதுதான் ஆசிரியையின் ஒரே வேண்டுதல்.

உண்மையான துப்பாக்கி ஒன்று இருக்கத்தான் செய்தது. டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளிக்கு, நாங்கள் தவுக்கே என்போம், போர்க்காலத்துச் சாமான்கள் சேர்ப்பதில் பைத்தியம். தலைக்கவசம், தண்ணீர்க் குடுவை, துருப்பிடித்த வாள் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஜப்பானியத் துப்பாக்கி சாய்ந்திருந்தது. குழாயில் ஈயம் ஊற்றி அடைத்து, சுடுகிற ஊசியைப் பிடுங்கி, இனி இது வெறும் கட்டைதான் என்று போலீஸ் முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். மேலே ஜப்பான் அரசரின் பூ முத்திரை இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். அதன் பெயர் அரிசாக்கா என்றார் தவுக்கே. அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கு அது அரிசியக்கா ஆகிவிட்டது.

ஆசிரியை போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி அனுமதி வாங்கினார். தவுக்கேயும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். துப்பாக்கி போகும் இடமெல்லாம் அவரும் வருவார். ஆனால் தோட்டா மட்டும் அவரிடம் கிடையாது. பழைய காலிக் கூடு ஒன்றை வைத்திருந்தாலும் வம்பு என்று எல்லாவற்றையும் எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார். ஐந்து தோட்டாக்களை வரிசையாகக் கோத்துப் பிடிக்கும் ஒரு சின்னப் பட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பட்டையைத் துப்பாக்கியின் முதுகில் செருகி, கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஐந்தும் உள்ளே இறங்குமாம். அவர் வெறும் விரலால் செய்து காட்டியபோதே எங்களுக்கு மூச்சு நின்றது.

அப்போதுதான், எங்களோடு கடைக்கு வந்திருந்த மாமா வாயைத் திறந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கூலிம் டவுனில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். உலகத்தில் கடைசல் இயந்திரத்தால் செய்ய முடியாத பொருள் என்று ஒன்று இல்லை என்பது அவர் கட்சி. மருந்து வேண்டாம், வெடி வேண்டாம், உருவம் மட்டும்தானே, பித்தளையில் அச்சு அசலாகக் கடைந்து தருகிறேன் என்று கடை நடுவில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த பிறகுதான், பார்த்துச் செய்ய ஒரு மாதிரித் தோட்டாகூட இல்லை என்பது அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார்.

அம்மாவும் கூலிமில்தான் வேலை செய்தாள், வேறொரு தொழிற்சாலையில். வருகிற சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை அளவுகோலில் பிடித்துப் பார்த்து, சரியானதை ஒரு தட்டிலும் சரியில்லாததை இன்னொரு தட்டிலும் போடுவது அவள் வேலை. பேச்சிலும் அப்படித்தான். தேவையில்லாத சொல்லை வேறு தட்டில் போட்டுவிடுவாள். மாமா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மெழுகுவர்த்தி ரெண்டும், இறைச்சி கோத்துச் சுடும் ஒரு சாத்தே குச்சியும் எடுத்துக்கொண்டு தவுக்கே கடைக்குக் கிளம்பினாள்.

துப்பாக்கியில் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒன்று உண்டு. அதைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்தான் தோட்டா உள்ளே போகும். அம்மா தவுக்கேயைக் கேட்டு அந்தத் தாழைக் கழற்றவைத்தாள். தோட்டா உட்காரும் குழியில் தேங்காய் எண்ணெய் தடவினாள். துப்பாக்கியைத் தலைகீழாக நிறுத்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. மெழுகை உருக்கி ஊற்றி, நடுவில் சாத்தே குச்சியைச் செருகினாள். ஆறிய பிறகு குச்சியைப் பிடித்து மெல்ல இழுத்தபோது, கழுத்து ஒடுங்கிய ஒரு வெள்ளைப் புட்டி வெளியே வந்தது. ஐம்பது வருஷமாக அந்தத் துப்பாக்கிக்குள் காலியாக இருந்த இடத்தின் உருவம் அது. தவுக்கே அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா அளந்து சொன்னாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த வாரம் மாமா ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தார். பித்தளைக் கூடு, நுனியில் கறுப்புச் சாயம் பூசிய மரக் குண்டு. தங்கம் தோற்றுவிடும். கையில் வாங்கியதும் தவுக்கேவே எழுந்து நின்றுவிட்டார். உள்ளே போட்டார். தாழைத் தள்ளினார். மூடியது. மாமா எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். தவுக்கே தாழை இழுத்தார். தாழ் வந்தது, தோட்டா வரவில்லை.

மறுபடி தள்ளி, மறுபடி இழுத்தார். உள்ளேயே இருந்தது. குழாய்தான் ஈயத்தால் அடைத்திருக்கிறதே, முன்பக்கமிருந்து கம்பி விட்டுத் தள்ளவும் வழியில்லை. மாமா சுத்தியலைத் தேடினார். தவுக்கே துப்பாக்கியைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இப்போ உள்ள புல்லட் இருக்கு. போலீஸ் வந்தா நான் என்னா சொல்லும்?"

நாடகத்துக்கு இரவலும் கிடையாது, ஒன்றும் கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று தவுக்கே கடையின் பாதிக் கதவைச் சாத்தினார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைப்பக்கட்டை என் கையிலேயே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அம்மா மட்டும் நகரவில்லை. அவர் கடையிலேயே ஒரு சின்னப் புட்டி சூப்பர் குளூவும் வழவழப்பான ஒரு மரக்குச்சியும் வாங்கினாள். குச்சியின் நுனியில் ஒரே ஒரு சொட்டு விட்டு, பின்பக்கமாக உள்ளே நுழைத்து, தோட்டாவின் அடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். மாமா எதையோ சொல்ல வாயெடுத்தபோது அவள் கண்ணாலேயே அடக்கினாள். பிறகு, குழந்தையின் காலில் முள் எடுப்பது மாதிரி, நேராக, அவசரமில்லாமல் இழுத்தாள். குச்சியோடு தோட்டா வந்தது. தவுக்கே பாதிக் கதவை முழுசாகத் திறந்துவிட்டு எங்களுக்குக் காப்பி கலக்கப் போனார்.

அம்மா தோட்டாவின் அடியைத் தாழின் முனையோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கொக்கி இருந்தது. தோட்டாவைப் பற்றி வெளியே இழுப்பது அதுதான்.

"மெழுகு உள்ள இருக்கறதத்தான் காட்டும் தம்பி. கொக்கி பிடிக்கிற எடம் வெளியிலதான இருக்கு. அத நீ குத்துமதிப்பா வெட்டிட்ட."

மாமா காப்பியை ஊதினார். அதுதான் அவர் ஒப்புக்கொள்கிற விதம்.

அடுத்த முறை ஐந்து தோட்டாக்கள் வந்தன. பட்டையில் கோத்து, முதுகில் செருகி, தவுக்கே கட்டைவிரலால் அழுத்தினார். சர்ரென்று ஐந்தும் இறங்கின. தாழைத் தள்ளி இழுத்தபோது ஒன்று துள்ளி வெளியே வந்து, ஆணிப் பெட்டியில் போய் விழுந்தது. "போலே," என்றார் தவுக்கே. 'தேறும்' என்று மலாயில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு மாமா டவுன் முழுக்க விருந்து வைத்திருப்பார், அம்மா விட்டிருந்தால். தோட்டத்தில் எல்லாரிடமும் தான் ஜப்பான் தோட்டா செய்த கதையைச் சொன்னார். அதில் மெழுகுவர்த்தியும் பசையும் வரவில்லை. அம்மா திருத்தவில்லை.

பெரிய தாத்தாவிடமும் கொண்டுபோய்க் காட்டினார். பெரிய தாத்தா அம்மாவின் பெரியப்பா. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். இளவயதில் ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போக, சயாமில் தண்டவாளம் போட்டுவிட்டுத் திரும்பி வந்த சிலரில் அவர் ஒருவர். நாடகம் எழுதுவதற்காக ஆசிரியை அவரைப் பார்க்கப் போனபோது, அங்கே எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, மழை பெய்தது என்றாராம். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. மழையை மேடையில் காட்ட முடியாது என்பதால் ஆசிரியை மற்றதையெல்லாம் தானே எழுதிக்கொண்டார்.

மாமா அவர் உள்ளங்கையில் ஒரு தோட்டாவை வைத்தார். பெரிய தாத்தா அதை லேசாகத் தூக்கித் தூக்கி எடை பார்த்தார்.

"இவ்ளோதானா," என்றார்.

வேலைப்பாட்டைக் குறை சொல்லிவிட்டார் என்று மாமாவுக்கு அன்று முழுக்க மனத்தாங்கல். நானும் மாமா பக்கம்தான்.

போட்டி சுங்கைப் பட்டாணி டவுனில், டேவான் என்று நாங்கள் சொல்லும் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. தோட்டமே இரண்டு வேன்களில் அடைத்துக்கொண்டு வந்தது. எங்கும் வராத பெரிய தாத்தாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் பழைய காவலாளிச் சட்டையை வெட்டித் தைத்து எனக்கு மாட்டியிருந்தார்கள். தலையில், பின்கழுத்தில் துணி தொங்கும் காக்கித் தொப்பி. பின்னலிரண்டும் அதற்குள் போய்விட்டன. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைத் தெரியவில்லை. துப்பாக்கி என் உயரத்துக்கு ஒரு சாண்தான் குறைவு. திரைக்குப் பின்னால் தவுக்கே அதை என் கையில் கொடுத்துவிட்டு, தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஒத்திகையில் கட்டைவிரல் வழுக்கித் தோட்டாக்கள் சிதறியது பலமுறை நடந்திருந்தது. மேடையில் கால் வைத்ததும் எனக்கு அந்த நினைப்பு மட்டும்தான். எதிரே என் வகுப்புப் பையன்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். "குரா!" என்று கத்தினேன். என் குரல் டேவானின் கடைசிச் சுவர்வரை போய்த் திரும்பியது. அவர்கள் சினிமாவில் வருவதுபோல் கைகளைத் தூக்கினார்கள். பட்டையைச் செருகி, உடம்பின் பாரத்தையெல்லாம் கட்டைவிரலில் வைத்து அழுத்தினேன்.

சர்ரென்று இறங்கின. ஐந்தும்.

தாழைத் தள்ளினேன். இரும்பும் பித்தளையும் உரசிப் பூட்டிக்கொண்ட அந்தச் சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. திகாம் பத்துப் பள்ளிக்காரர்கள் இருந்த பக்கத்தில் ஒருவன் வாயைத் திறந்தபடி இருந்ததை இன்றும் என்னால் படம் வரைய முடியும். திரைக்குப் பின்னால் டிரம் ஒருமுறை முழங்கியது. ஒரு பையன் விழுந்தான். நான் தாழை இழுத்தேன். தோட்டா துள்ளி எழுந்து, விளக்கொளியில் சுழன்று, மேடையில் விழுந்து உருண்டு, விளிம்பைத் தாண்டி, முன்வரிசையில் பெரிய தாத்தாவின் செருப்படியில் போய் நின்றது.

பெரிய தாத்தா எழுந்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து மடங்கி, எனக்கு நேராகத் தலை குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொல்லியும் விளக்கு அணையும்வரை அப்படியே நின்றார்.

ஜப்பான் காலத்தில் சிப்பாய் எதிரே வந்தால் இப்படித்தான் நின்று குனிய வேண்டும், குனியாதவன் கன்னம் தப்பாது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எங்கள் நாடகத்திலும் அது இல்லை. தோட்டத்திலேயே மூத்த மனிதர் என் நடிப்புக்குத் தலைவணங்குகிறார் என்று எண்ணி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பெருமையை அதற்குப் பிறகு எந்த மேடையும் எனக்குத் தந்ததில்லை.

சுழற்கிண்ணம் எங்களுக்குத்தான். பெயரை அறிவித்ததும் மாமா நாற்காலிமேல் ஏறிவிட்டார். ஆசிரியை அழுதார். தவுக்கே துப்பாக்கியைக் கட்டிக்கொண்டார். எங்கள் வேன்காரர் வாசலில் ஹாரனை விடாமல் அடித்தார். திகாம் பத்து ஆசிரியரே வந்து மாமாவின் கையைக் குலுக்கி, தோட்டாக்களை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மாமா முதல்முறையாக, அக்காவைக் கேளுங்கள் என்று அம்மாவைக் காட்டினார். அம்மாவுக்குச் சிரிப்பை எந்தத் தட்டில் போடுவது என்று தெரியவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கீழே விழுந்த தோட்டாவைத் திருப்பிக் கொடுக்கப் பெரிய தாத்தா மேடைக்குப் பின்னால் வந்தார். கிண்ணத்தோடு நான் அவரை நோக்கி ஓடினேன். எனக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் நின்றுவிட்டார். கைகள் மறுபடி தொடையோரம் போயின.

"தொப்பியக் கழட்டு," என்றாள் அம்மா.

அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கழற்ற எனக்கு மனமில்லை.

"மொதல்ல கழட்டும்மா." குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் மறுக்க முடியாத குரல்.

கழற்றினேன். இரண்டு பின்னல்களும் தோளில் விழுந்தன. அப்புறம்தான் அவர் கிட்டே வந்தார். என் உச்சந்தலையில் கையை வைத்தார், வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. தொப்பி தடுத்தால் ஆசீர்வாதம் தலைக்கு எட்டாது, அதற்காகத்தான் அம்மா கழற்றச் சொன்னாள் என்று அன்றைக்கு நினைத்தேன்.