ஆற்றுக்கு மேற்கே ஒரு சம்பந்தம்

போன சனிக்கிழமை காலை. காபியை இன்னும் வாயில் வைக்கவில்லை, காலிங் பெல். கதவைத் திறந்தால் தேவராஜா அண்ணன். கறுப்பு கோட்டு, டை, முகம் பார்க்கலாம் போல ஷூ.

"தங்கச்சி, வெளிக்கிட்டாச்சா?"

"எங்கே அண்ணே?"

"அமெரிக்காவுக்கு."

தெருமுனை டெப்பனர் கடைக்குப் பால் வாங்கப் போகிற மாதிரி சொன்னார்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரொக்ஸ்பரோவில் எங்களுக்குப் பக்கத்து வீடு. மட்டக்களப்புக்காரர். மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஹோட்டல் சமையலறைகளில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு இப்போதுதான் ஓய்வு. பிரெஞ்சு தண்ணீர் மாதிரி வரும். இங்கிலீஷ் சொட்டுச் சொட்டாக வரும். அதற்குத்தான் நான். பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறேன் என்பதால் என் இங்கிலீஷ் மேல் அவருக்கு அபார நம்பிக்கை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் அருணா, நர்ஸ். கூடப் படித்த அமெரிக்கப் பையனைக் கல்யாணம் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டாள். பெயர் நேத்தன். அண்ணனின் மனைவி புனிதம் அக்கா உடனே மட்டக்களப்பில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டு, "பொடியன்ர பேர் நாதன்" என்று சொல்லி முடித்துவிட்டார். பொய் இல்லையே!

அண்ணனுக்குப் பையனைப் பற்றிக் கவலை இல்லை. ஊரைப் பற்றித்தான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் மொன்ட்ரியாலில் இருக்கப் போவதில்லையாம். எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், பையனுடைய கவுண்டிக்குப் போகிறார்களாம். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே அவனுக்கு அப்பாவின் மாட்டுப் பண்ணை. அவளுக்கு, நர்ஸ் கிடைக்காமல் தவிக்கும் ஒரு சின்ன கிளினிக்.

"மாட்டுக்க பிறந்து வளந்தவன் நான். என்ர புள்ளையாவது டவுனில இரிக்கட்டும் எண்டுதானே இவ்வளவு பாடு. இவள் திரும்பவும் மாட்டுக்கயே போறாள்!" என்றார் காரில் ஏறும்போது.

"நீங்க வாய மூடிட்டு வாங்க" என்றார் அக்கா, பின்சீட்டில் பயத்தம் உருண்டை டப்பாவை மடியில் வைத்தபடி.

எல்லையில் முதல் சோதனை. அமெரிக்க அதிகாரி ஜன்னலில் குனிந்து, பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். நான் நாசூக்காக, "ஒரு குடும்பத்தைச் சந்திக்கப் போகிறோம்" என்றேன்.

அண்ணன் எட்டிப் பார்த்து, "என்குவைரி!" என்றார்.

அதிகாரியின் முகம் இறுகியது. "என்ன என்குவைரி?"

போச்சு! மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது என்றால் என்ன என்று, பின்னால் வரிசையாகக் கார்கள் நிற்க, ஒரு சீருடைக்காரருக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறீர்களா? நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, எந்தக் குடும்பம் என்றார். பெயரைச் சொன்னேன்.

"ஆற்றுக்குக் கிழக்கேயா, மேற்கேயா?"

"மேற்கே… என்று நினைக்கிறேன்."

"ஓ, வால்ட்டர் வீடா? தங்கமான மனுஷன். வாயைத் திறந்து பேசத்தான் மாட்டார்." பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன.

"பார்த்தீங்களா அண்ணே, பாதி விசாரணை முடிந்தது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் காடு. காட்டுக்கு அப்புறம் வயல். வயலுக்கு அப்புறம் மறுபடியும் காடு. ஏப்ரல் மாதம், பனி உருகி எங்கே பார்த்தாலும் சேறு. நடுநடுவே சிவப்புக் கொட்டகைகள். மனிதர்கள்?

"ஆக்களையே காணல்லயே" என்றார் அண்ணன். "இங்க வோட்டுப் போடுறது மாடுதான் போல."

போனில் சிக்னல் போயிற்று. ஒரு பெட்ரோல் பங்கில் வழி கேட்டேன். கல்லாவில் இருந்த பெண், "பழைய சீஸ் ஃபேக்டரி இருந்த இடத்தில் இடது பக்கம் திரும்புங்கள். அது எரிந்து போய் ரொம்ப நாளாச்சு" என்றாள். இல்லாத ஃபேக்டரியை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணனுக்கு மட்டும் அது சாதாரணமாக இருந்தது. "எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் வழி சொல்லுவாங்க. அந்த வெறுங்காணிதான், திருப்புங்க" என்றார். திருப்பினேன். சரியாக இருந்தது.

வீட்டு வாசலில் அருணா நின்றாள். முந்தைய நாளே வந்துவிட்டாளாம். பக்கத்தில் நாதன், அவனுடைய அம்மா. அப்பா வால்ட்டர் தொப்பியைத் தொட்டு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வரவேற்பறையில் நடுநாயகமாக வெள்ளை முடியோடு ஓர் அம்மாள், கையில் சுருட்டிய மேப்பு. டோனா அத்தை, வால்ட்டரின் அக்கா.

சும்மா அத்தை இல்லை. இந்த மாநிலத்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் வரலாற்றாளர் என்று ஒருவரை நியமித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கவுண்டிக்கு இந்த அம்மாள்தான். பெண் வீட்டார் ஊரைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள் என்று அருணா சொல்லியிருக்கிறாள். அத்தை வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்திருப்பார் போல.

பனிப்பாறையிலிருந்து ஆரம்பித்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். மலை உயரத்துக்குப் பனி இருந்ததாம். அது நகர்ந்தபோது மண்ணைச் சுரண்டிக்கொண்டு கல்லை விட்டுவிட்டுப் போனதாம். "அதனால்தான் இங்கே உழுதால் முதலில் விளைவது கல்." நான் மொழிபெயர்த்தேன். பிறகு இந்த மண்ணுக்கு முதல் சொந்தக்காரர்களான மொஹாக் மக்கள். இன்றும் ஆற்றோரம் இருக்கிறார்கள். பிறகு கிழக்கிலிருந்து விவசாயிகள், கியூபெக்கிலிருந்து மரம் வெட்டிகள், அயர்லாந்துக்காரர்கள். ரயில் வந்தது… ரயில் போனது. சீஸ் ஃபேக்டரிகள் வந்தன… போயின.

மேப்பை விரித்து நடுவில் ஓடும் ஆற்றைக் காட்டினார். "கிழக்குக் கரையில் கோர்ட்டு, பேங்க், பெரிய சர்ச். மேற்குக் கரையில் மாடு. நாங்கள் மேற்கு."

அண்ணன் முதல் முறையாக நிமிர்ந்தார். "படுவான்கரை" என்றார் மெதுவாக.

எனக்கும் அது புதிது. புனிதம் அக்காதான் விளக்கினார். மட்டக்களப்பு வாவிக்குச் சூரியன் உதிக்கும் பக்கம் எழுவான்கரை, மறையும் பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி, கச்சேரி என்கிற அரசாங்க ஆபீஸ் எல்லாம் எழுவான்கரையில். வயலும் மாடும் படுவான்கரையில். "இவர் படுவான்கரை. நான் எழுவான்கரை. எங்கட கலியாணத்துக்கே எங்கட வீட்டில பெரிய சண்டைகா."

இதை இங்கிலீஷில் சொன்னதும் டோனா அத்தைக்கு ஏக குஷி. "கிழக்குக்காரர்கள் உங்களை மட்டமாகப் பார்ப்பார்களா? இங்கேயும்!" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தது மக்கள்தொகை.

"ஒவ்வொரு சென்சஸுக்கும் குறைந்துகொண்டே வருகிறோம். இரண்டு கரைக்கும் தனித்தனியாக ஹைஸ்கூல் இருந்தது, பரம எதிரிகள். பிள்ளைகள் போதாமல் ஒன்றாக்கினார்கள். இப்போது ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள்… ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து." பெருமூச்சு விட்டார். "வெளியிலிருந்து யாரும் வருவதும் இல்லை. பக்கத்து கவுண்டியிலிருந்து ஒரு பெண் எடுத்தோம். ரொம்ப நல்லவள். பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்டாள். இன்னமும் அவளைப் 'புதிதாக வந்தவள்' என்றுதான் சொல்கிறோம்."

இதை மொழிபெயர்க்காமல் விட்டிருக்க வேண்டும். கெமிஸ்ட்ரிக்காரியின் நேர்மை… விடவில்லை.

அண்ணன் எழுந்துவிட்டார். "பக்கத்து மாவட்டத்துக்காரிக்கே இந்தக் கதியெண்டா, எங்கட மகள்?" யாரையும் பார்க்காமல், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாறன்" என்று பின்கதவைத் திறந்துகொண்டு போனார். அருணாவின் முகம் சுருங்கிவிட்டது. வால்ட்டர் எழுந்து அவர் பின்னால் போனார்.

ஐயோ, ஒருவருக்கு இங்கிலீஷ் வராது, இன்னொருவருக்குப் பேச்சே வராது… நானும் ஓடினேன்.

முற்றத்தில் இறங்கிய அண்ணனின் பளபள ஷூ சேற்றில் புதைந்து நின்றது. இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. வெறும் சாக்ஸ் காலைச் சேற்றில் ஊன்றியபடி வாய் நிறையக் கத்தினார்:

"தபர்நாக்!"

வெளியூர் வாசகர்களே, இது கியூபெக் சமையலறைகளில் எண்ணெய் தெறித்தால் வரும் கெட்ட வார்த்தை. மூலம் சர்ச்சில் இருக்கிறது என்றாலும் சர்ச்சில் சொல்லக் கூடாது.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் வால்ட்டர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பா அது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொட்டகைச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வர. பிறகு வாயைத் திறந்து பேசினார். பிரெஞ்சில்!

"என் அம்மா கியூபெக்காரி. பால் பொங்கி வழிந்தால் இதே வார்த்தைதான் சொல்வாள். அவள் போன பிறகு இந்த முற்றத்தில் யாரும் சொன்னதில்லை."

அவ்வளவுதான், என் மொழிபெயர்ப்பு உத்தியோகம் அங்கேயே பறிபோனது. இரண்டு பேரும் பிரெஞ்சில் இறங்கிவிட்டார்கள். இரண்டு கைகளால் ஷூவைப் பிடுங்கிக்கொண்டே வால்ட்டர் கேட்டார்:

"உன் பெண்ணை இங்கே விடப் பயமா?"

"ஆமாம். பயம்தான்."

"எனக்கும் பயம். ஒரு வருஷம் இருப்பாள், பிறகு என் பையனை மொன்ட்ரியாலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று. மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஸ்கிரீனில் கை காட்டுகிறார்கள்."

அண்ணன் மாடுகளைப் பார்த்தார். "நானும் அப்படிப் போனவன்தான்" என்றார். "ஊரில் யுத்தம். அப்பா மாட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். ஸ்கிரீன்கூட இல்லாத காலம்."

வால்ட்டர் கொட்டகைக்குள் போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் எடுத்து வந்து அண்ணனின் முன்னால் வைத்தார்.

திரும்பி வரும்போது கோட்டு, டை, முழங்கால் வரை பூட்ஸ்… அண்ணன் நேரே டோனா அத்தையிடம் போய்த் தன் சொட்டு இங்கிலீஷில் கேட்டார். "மேடம், மை டாட்டர்… ஹௌ லாங் நியூ?"

அத்தை சங்கடத்தோடு மேப்பைப் பார்த்தார். வரலாற்றாளர், பொய் சொல்ல முடியாது. "அது வந்து… இங்கே பிறந்தால்தான்…"

"அக்கா," என்றார் வால்ட்டர், இப்போது இங்கிலீஷில், "நீ எங்கே பிறந்தாய்?"

அத்தை சிவந்துபோனார்.

பிறகு நாதனின் அம்மாதான் போட்டு உடைத்தார். பக்கத்துக் கவுண்டி ஆஸ்பத்திரியில்! அத்தை மட்டுமா? வால்ட்டரும் அங்கேதான். நாதனும் அங்கேதான். இந்தக் கவுண்டியில் பிரசவ வார்டே கிடையாது! மேற்குக் கரைக்காரர்கள் என்று அந்த அறையில் இருந்த ஒருவர்கூட இந்த மண்ணில் பிறக்கவில்லை.

முதலில் சிரித்தது டோனா அத்தையேதான்.

நாம்தான் எந்த ஊர், எந்தக் கரை, யாருடைய ஆள் என்று குடைகிறோம் என நினைத்திருந்தேன். மற்றவர்களும் குடைகிறார்கள். அவர்கள் அதற்குச் சம்பளமில்லாத ஒரு பதவி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் அருணாவைக் கூப்பிட்டார். "மகள், உனக்குச் சரியெண்டா எனக்கும் சரி."

அவள் அழுதாள். பிறகு அவரைக் கீழிருந்து மேல் வரை பார்த்து, "பூட்ஸ் நல்லா இரிக்கு அப்பா" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். திரும்பும் வழியில் மறுபடியும் காடு, வயல், காடு. திடீரென்று பின்சீட்டிலிருந்து புனிதம் அக்காவின் குரல்.

"ஏனப்பா, அந்தப் பொடியன் குடிக்கிறவனா? கோவக்காரனா? என்ன குணம்? ஒண்டும் கேக்கல்லயே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளை நாள் முழுக்க எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் சாவகாசமாகச் சீட்டில் சாய்ந்துகொண்டார்.

"பனிப்பாறையில இருந்து விசாரிச்சாச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"