அவள் நெஞ்சில் நான் தேய்த்த தைலம்

என் நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மலையில் மூடுபனி இறங்குகிற மாதங்களில் அவளால் கால் நீட்டிப் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே நெஞ்சு வலிக்கும். அப்படிப்பட்டவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். தாய்வீடு என்றால் நான் வாழ்க்கைப்பட்ட வீடு, திருப்புலி நாட்டில். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது அதே மலையில் நான் பிறந்த குண்டூர் நாட்டில். பெண் குழந்தை பிறந்தது. தை மாதம் அறுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்காரர் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போவார் என்று பேசி வைத்திருந்தார்கள். அவள் அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அப்போது பிள்ளை பெற்றவள்தான். என் பையன் அவள் பெண்ணுக்குப் பதினைந்து நாள் இளையவன். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது. அவன் போன பிறகும் பால் நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அடுப்படியில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பீய்ச்சி விடுவேன். எல்லோரும் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் அடிவாரத்திலிருந்து ஒரு வியாபாரி ஏறி வந்தார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. தலையில் மூட்டையோடு நடந்துதான் வர வேண்டும். வளையல், சீப்பு, ஊசி நூல் கொண்டு வருவார். அந்தத் தடவை பச்சைப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“நெஞ்சுச் சளி, இழுப்பு, மூட்டுவலி, தலைவலி, எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதுமுங்க.”

“மருமவ சொன்ன பேச்சக் கேக்கறதுக்கும் இதையே தடவலாமுங்களா?” என்று கேட்டார் என் அத்தை, அதாவது என் மாமியார்.

“அதுக்கு உள்ளுக்குக் குடுக்கோணுமுங்க அம்மிணி,” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். இழுப்போடு என் நாத்தனாரும் சிரித்தாள்.

அத்தை புட்டியை என்னிடம் நீட்டினார். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வாத்தியாரிடம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். அன்று எல்லோரும் என் வாயையே பார்த்தபோது முகம் சூடாகிவிட்டது. பெரிய எழுத்தை மட்டும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘நெஞ்சு நோய்க்கு’ என்று போட்டிருந்தது.

“எம் மருமவ படிச்சுட்டா. அப்பறம் என்ன?” என்று அத்தை ஒரு படி மிளகை அளந்து போட்டார்.

காலையும் சாயங்காலமும் அவளுக்குத் தேய்த்துவிடும் வேலை எனக்கு வந்தது. கையில் ஊற்றி, நெருப்புக்கு மேலே காட்டிச் சூடாக்கி, கழுத்திலிருந்து நெஞ்சு வரை, பிறகு முதுகில் தேய்ப்பேன். கண்ணைக் கரிக்கும் வாசனை. நாலு நாள் ஒன்றுமில்லை. பொய் சொல்லக் கூடாது, அந்தத் தைலம் அவளுக்குச் சுகம் கொடுத்தது. “உங்க கையி பட்டா மூச்சு எறங்குதுங்க அண்ணி,” என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் நெஞ்சு சிவந்தது. மறுநாள் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். அத்தை சேலையை விலக்கிப் பார்த்தார். பார்த்ததும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“ஆத்தா வந்திருக்கா. யாரும் தொடாதீங்க.”

அம்மை என்று முடிவாகிவிட்டது. காட்டோரம் இருந்த காவல் கொட்டாயைக் கூட்டி மெழுகி அவளை அங்கே விட்டார்கள். எங்கள் உயரத்தில் வேப்பமரம் அரிது. என் வீட்டுக்காரர் அடிவாரம் வரை இறங்கிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தார். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளிடமிருந்து பிரித்தார்கள். பிள்ளையைக் கொடுக்கும்போது அவள் அழவில்லை. அழுதால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்று அத்தை சொல்லியிருந்தார். துணியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தைதான் விரலைப் பிரித்துவிட்டார்.

குழந்தையை என் மடியில் போட்டார்கள். என் பையன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. குழந்தை வாய் வைத்ததும் என் தோளிலிருந்து இறுக்கம் விட்டது. நான் அழுதேன். பார்த்தவர்கள் பையனை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தார்கள். நான் அவனை நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே இவ்வளவு காலம் ஆயிற்று.

பால் கொடுக்கிறவள் என்று என்னைக் காட்டு வேலைக்கு அனுப்பவில்லை. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் கையில் கிடைத்ததை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புட்டியைச் சுற்றி வந்த சீட்டு கிடந்தது. பொடி எழுத்து. குழந்தை மடியில் தூங்க, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பாதி நாள் ஆனது. பூசிய இடம் சிவந்தாலோ கொப்புளம் கண்டாலோ உடனே நிறுத்திவிட வேண்டும், சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று இருந்தது.

அதைப் படித்த பிறகுதான் யோசித்தேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. முகத்தில் ஒன்றுமில்லை, காலில் ஒன்றுமில்லை. என் கை எங்கெல்லாம் போனதோ அங்கே மட்டும்தான் கொப்புளம். எனக்கே விரல் இடுக்கில் நாலைந்து நாளாக அரிப்பு. அம்மை கண்டவர்களுக்கு எண்ணெயும் தைலமும் ஆகாது என்பதால் கொட்டாயில் யாரும் அவளுக்கு எதையும் தேய்க்கவில்லை. தைலம் நின்றது, கொப்புளம் வாடிக்கொண்டு வந்தது. ஆத்தா மனமிரங்கிவிட்டாள் என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

எழுந்து போய் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே பிள்ளை தாயிடம் போயிருக்கும். எழுந்துதான் போனேன். அடுப்புக்குப் போய்ச் சீட்டை உள்ளே வைத்தேன். அதைப் படிக்க அந்த வீட்டில் வேறு ஆளே இல்லை. அப்படியும் எரித்தேன்.

அம்மை இறங்கியதென்று தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பிள்ளையைக் கொடுத்தேன். பதினைந்து நாளில் அவள் பால் குறைந்திருந்தது. ஆனாலும் இருந்தது. குழந்தை கொஞ்சம் முரண்டு பண்ணிவிட்டுக் குடித்தாள். நான் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

மார்கழிப் பனியில் இழுப்பு திரும்பியது. விடிகிற நேரத்தில் அவளுக்கு உதடு கறுத்துவிட்டது. அத்தை, “அந்தத் தைலத்த எடுத்துட்டு வா கண்ணு, சீக்கிரம்!” என்று கத்தினார்.

எடுத்து வந்தேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மூச்சு முட்டுகிறவளுக்கு அது ஒன்றுதான் கைவசம் இருந்தது, உண்மை. சிலர் உடம்புக்கு என்றுதானே போட்டிருந்தது, இவளுக்கு என்று போடவில்லையே என்றும் நினைத்தேன். அதோடு கூட, மார்பு கனத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. இதில் எது என் கையை நீட்டியது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நன்றாகச் சூடு காட்டித் தேய்த்தேன். அவளுக்கு மூச்சு இறங்கியது. “நீங்க மவராசிங்க அண்ணி,” என்றாள்.

இந்தத் தடவை நாலு நாள் ஆகவில்லை. மறுநாளே சிவந்து, அதற்கு அடுத்த நாள் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வெளியே நின்றே கேட்டாள்: “ஏனுங்க, ஆத்தாளுக்கு உங்க ஊட்ட உட்டா மலையில வேற ஊடே இல்லீங்களா?”

“உன்ற ஊட்டுக்கு வழி சொல்லி அனுப்பட்டுமா?” என்றார் அத்தை. அவள் ஓடிவிட்டாள். ஆனால் அத்தை பயந்துபோயிருந்தார். பூசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர், “ஒரே ஒடம்புல ரெண்டு தரம் வந்திருக்கா. மூணாந்தரம் வந்தா புள்ளைய உடமாட்டா. பால் மறக்கற வரைக்கும் தாய்கிட்டக் காட்டாதீங்க,” என்றார்.

குழந்தை என்னிடம் வந்தாள். தாயைக் கொட்டாய்க்கு அனுப்பினார்கள்.

கஞ்சி கொண்டுபோய் எட்டத்தில் வைத்துவிட்டு வருவது என் வேலை. நான் போகும்போது குழந்தையை அத்தையிடம் விட்டுப் போவேன். ஒரு நாள் பகலில் போனபோது, கொட்டாய்க்குள்ளிருந்து அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. தட்டியின் இடுக்கு வழியாகப் பேசினாள்.

“அண்ணி, ஆத்தாளுக்குத் தெரியாம அந்தத் தைலத்த மட்டும் கொண்டாந்து வச்சிருங்க. முடியலீங்க.”

“அம்மை கண்ட ஒடம்புக்கு ஆகாது கண்ணு.”

“அம்மை எறங்கிப்போகுதுங்க. மூச்சுதான் எறங்கல. நான் செத்துட்டா அவளுக்கு என்னைய அடையாளமே தெரியாதுங்களே.”

வீட்டுக்கு வந்தேன். புட்டியில் கால்வாசி இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்ப் பாறையில் போட்டு உடைத்தேன். தண்ணீர் எடுக்கப் போகிறபோது மடியிலிருந்து விழுந்துவிட்டது என்று அத்தையிடம் சொன்னேன். “ஒரு படி மொளகு போச்சு! அவ மூச்சும் போவட்டும்னு நெனச்சியா?” என்று அத்தை வாய் ஓயாமல் ஏசினார். தலை குனிந்து நின்றேன். அந்த ஏச்சு எனக்குப் போதவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குக் கொப்புளம் வரவே இல்லை. கொதிக்கிற தண்ணீர்ப் பானையும் கம்பளியும் கொண்டுபோய்க் கொட்டாய் வாசலில் வைத்து, ஆவி பிடிக்கச் சொன்னேன். ஏதோ கொஞ்சம் கேட்டது. தைலம் கொடுத்த சுகத்தை அது கொடுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்லுவாள், அது மாதிரி ஒரு மருந்து பிறகு கிடைக்கவில்லை என்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தை போன பிறகாவது சொல்லியிருக்கலாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள், “எம் புள்ளைக்கு உசுரு குடுத்தது எங்க அண்ணிங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வேன். கூச்சக்காரி, புகழ்ந்தால் பொறுக்காது என்பார்கள்.

தை மாதம் அவள் வீட்டுக்காரர் சொன்னபடி வந்தார். மூன்றாம் தண்ணீர் ஊற்றி எட்டு நாள் ஆகியிருந்தது. அவளுக்குப் பால் சுத்தமாக வற்றிவிட்டது. பூசாரி சொன்னதையும் மீறி, யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் ஒரு தடவை பிள்ளையை மார்பில் வைத்துப் பார்த்தாள். குழந்தை வாயை எடுத்துவிட்டு, தலையைத் திருப்பி என்னைத் தேடி வீறிட்டாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

வெளியே பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். “கஞ்சி குடிக்கற வயசு வரட்டுமுங்க மாப்பிள்ளை, அப்பறம் வந்து தூக்கிக்கோங்க,” என்றார் அத்தை. அவள் வீட்டுக்காரரும் நல்ல மனுஷர். “எங்க போயிருவா, அப்புச்சி ஊட்டுலதான இருக்கப்போறா,” என்று தாய்வழித் தாத்தா வீட்டைச் சொல்லிப் பெண்டாட்டிக்குத் தைரியம் கொடுத்தார். கட்டியிருந்த துணி மூட்டையிலிருந்து குழந்தையின் துணிகளை எடுத்து அவள் தனியாக வைத்தாள். ஒரு சின்னத் துணியை மட்டும் திரும்ப மூட்டையில் செருகிக்கொண்டாள்.

பலாமரம் வரைக்கும் நடந்துவிட்டார்கள். பிறகு அவள் மட்டும் திரும்பி வந்தாள். மேடு ஏறியதில் மூச்சு வாங்கியது. நான் வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றிருந்தேன். ஏதாவது மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

“அண்ணி,” என்றாள். மூச்சுக்காக நிறுத்தினாள். “என்னையத் தேடுவாளாங்க?”

“தேடுவா கண்ணு,” என்றேன். “நெதமும் தேடுவா.”

அவளுக்கு அது போதுமாக இருந்தது. சிரித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப்போனாள். குழந்தை என் கழுத்தில் வாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.