ஆற்றில் எடுத்த தாலிக்கொடி

செம்புக் கம்பியை வட்டமாகச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டின் அடியில் ஒட்டி, அந்தத் தட்டை வீட்டில் மிஞ்சிக் கிடந்த தண்ணீர்க் குழாயின் நுனியில் பொருத்தியிருந்தார் அண்ணி. குழாயின் மேல்முனையில் ஒரு சோப்பு டப்பா, அதற்குள் பேட்டரியும் சில ஒயர்களும். கூடத்துப் பாய்க்கு அடியில் ஒரு கரண்டியை ஒளித்து வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டு, கண்களை மூடியபடி தட்டைப் பாயின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். கரண்டி இருந்த இடத்துக்கு வந்ததும் நின்று, தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் காதில் வைத்தார். கொசு பறப்பதுபோல் இருந்த ஓசை சட்டென்று உச்சத்துக்கு ஏறியது. அண்ணி அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணி ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். மாணவிகள் ஒரு கண்காட்சிக்காகச் செய்யத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போன, உலோகம் கண்டறியும் கருவி அது. அதை வீட்டுக்கு எடுத்து வந்து முடித்தவர் அவர்தான். நான் அப்போது கணவரை விட்டு வந்து தென்னூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஏன் வந்தேன் என்று அண்ணி ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. தெருவில் யாராவது கேட்டால், "ஆபீஸ் இங்கேயிருந்து பக்கம், அதான் இருக்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கேட்டவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்கத் தோன்றியிருக்காது.

கருவி தயாரானதும் அதை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. வேறொருவராக இருந்தால் நேராக ஆற்றுக்குப் போயிருப்பார்கள். அண்ணி அப்படியில்லை. நான் வருவாய்த் துறையில் வேலை பார்ப்பதால் என்னிடம், "பொது இடத்துல எங்கெங்க இத வச்சுத் தேடலாம்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லேன்" என்றார். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு மதிய உணவு வேளையில் என் மேலதிகாரியிடம் கேட்டேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏங்க, உங்க அண்ணி புதையல் எடுக்கப் போறாங்களா?" என்று ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அதிகாரி மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார். "மலைக்கோட்டை பக்கமோ கோயில் மதில் பக்கமோ நெனச்சுக்கூடப் பாக்க வேணாம். பழைய சின்னம் இருக்கிற இடத்துல கை வைக்கக் கூடாது. பார்க், மைதானம் எல்லாம் யார் பொறுப்புல இருக்கோ அவங்க சரின்னு சொல்லணும். ஆறு அரசாங்கத்தோடது. நடக்கலாம், குளிக்கலாம். மிஷின் வச்சுத் தேடலாம்னும் எங்கயும் எழுதல, கூடாதுன்னும் எனக்குத் தெரிஞ்சு எழுதல. ஆனா மண்ணுக்குள்ள மதிப்பா பழைய பொருள் ஏதும் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லியாகணும். அத மறந்துடாதீங்க." வீட்டுக்கு வந்து இதை ஒப்பித்தேன். அண்ணிக்கு அது போதவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரின் அலுவலகத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பொறியாளர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணல் அள்ளுவீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, கையால கொஞ்சம் கிளறுவேன், திருப்பி மூடிடுவேன்." "அப்ப எனக்கொண்ணும் இல்லம்மா." "எழுதிக் கொடுக்க முடியுங்களா?" "எதுக்கும்மா வம்பு? இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்ல. போயிட்டு வாங்க."

அப்படித்தான் ஆற்றில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவோம். படித்துறைக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீர் வற்றித் திட்டாகிவிட்ட மணலில் அண்ணி தட்டை நகர்த்திக்கொண்டே நடப்பார். நான் குடையும் பையும் வைத்துக்கொண்டு பின்னால் போவேன். கிடைத்தவை பெரும்பாலும் பாட்டில் மூடிகள், ஊக்குகள், துருப்பிடித்த ஆணிகள், வேண்டிக்கொண்டு எறிந்த சில்லறைக் காசுகள். காசுகளை அண்ணி மறுபடி தண்ணீரில் போட்டுவிடுவார். "யாரோ எதையோ நெனச்சுப் போட்டது" என்பார். ஆணிகளை மட்டும் குளிப்பவர்கள் காலில் குத்தாமல் இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொள்வார்.

பங்குனியில் ஓர் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. திதி கொடுக்க வந்த கூட்டம் படித்துறை நிறைய இருந்தது. நாங்கள் வழக்கம்போல் மணல்திட்டில் இருந்தோம். மேலே திடீரென்று ஒரு சத்தம். இளம்பெண் ஒருத்தி குளித்து உடை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. கனமான கொடி. அவளுடைய மாமியார் படிக்கட்டில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற குரலில் திட்டினார். "அவ அப்பன் வீட்டுப் பொருளா இருந்தா பாத்துக்கிட்டிருப்பா. போட்டது நாங்கதானே." கணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்த நேரத்தில் யாரோ எங்களைக் கை காட்டினார்கள். "அங்க பாருங்க, மிஷின் வச்சு நகை பொறுக்கறாங்க."

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் எங்களைக் கூப்பிட்டார். படியேறி வந்ததும் அண்ணியின் பையை வாங்கிக் கல்லில் கவிழ்த்தார். ஆணிகளும் மூடிகளும் கலகலவென்று கொட்டின. சுற்றிலும் கூட்டம். பலர் கையில் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். "யாரக் கேட்டு இங்க தேடறீங்க?" என்றார் போலீஸ். பொறியாளர் சொன்னதை அண்ணி அமைதியாகச் சொன்னார். "எழுத்துல இருக்கா?" "இல்லைங்க, எழுதித் தரமாட்டேன்னுட்டாங்க." கூட்டத்தில் சிரிப்பு. என் இடுப்பு மடிப்பைச் சோதித்தார்கள், அண்ணியின் முந்தானையை உதறிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. நியாயமாக அத்தோடு கிளம்பியிருக்கலாம். அண்ணி அந்தப் பெண்ணைப் பார்த்து, "எங்க குளிச்சீங்க? காட்டுங்க, தேடித் தரேன்" என்றார்.

அந்தப் பெண் எங்களைப் படியின் கடைசிக்கு அழைத்துக்கொண்டு போனாள். மற்றவர்களைப் போலீஸ் மேலேயே நிறுத்தியிருந்தார். அண்ணி கணுக்கால் தண்ணீரில் தட்டைக் கொண்டுபோனார், பிறகு படியோரம், பிறகு அவள் கழற்றிப் போட்டிருந்த ஈரத்துணிக் குவியல். அந்த இடத்தில் அவர் கை நின்றது. ஹெட்ஃபோன் அவர் காதில் மட்டும் இருந்ததால் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தட்டைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே, உதடு அசையாமல், "துணிக்குள்ள பாரும்மா" என்றார். அவள் குனிந்து ஈரப் பாவாடைக்குள் கையை விட்டாள். முகம் வெளிறிவிட்டது. கொடி பாவாடை நாடாவில் சிக்கிக்கொண்டு அங்கேயேதான் இருந்திருக்கிறது. "அக்கா, துணியிலதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாங்க. போலீசையெல்லாம் கூப்பிட்டாச்சு. ஆத்துல கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க அக்கா." அண்ணி ஒரு கணம்கூட யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. "சரி, யாருக்கும் சொல்லல" என்றார். கொடியை அவள் கையிலிருந்து தன் உள்ளங்கைக்கு வாங்கி, தண்ணீரில் இறங்கி, குனிந்து மணலைத் துழாவி, நிமிர்ந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

மாமியாரின் குரல்தான் முதலில் வந்தது. "கையில வச்சிருந்துட்டுப் போலீசக் கண்டதும் தண்ணியில போட்டு எடுக்கறா. இது தெரியாதா எங்களுக்கு?" அண்ணி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு கொடியை வாங்கிக்கொண்டாள். "பொருள் கிடைச்சிருச்சு, விடுங்க. ஏம்மா, இனிமே இந்த மிஷினோட இந்தப் பக்கம் வந்தா கேஸ் போட்டுருவேன்" என்றார் போலீஸ். அண்ணி ஆணிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "வா, போகலாம்" என்றார்.

நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் வீடியோ எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் என் அலுவலகத்தில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அண்ணி தண்ணீரிலிருந்து கையைத் தூக்குகிறார். அவருக்குப் பக்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். திருடி மாதிரி நின்றது நான்தான், அண்ணி இல்லை. கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டு விசாரித்தார். வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை, ஆய்வகச் சாவி மட்டும் வேறொருவர் கைக்குப் போனது. அண்ணனிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "ஒருத்தர்கிட்ட சொன்னா அது எல்லாருக்கும்தான். அந்தப் பொண்ணுகிட்ட சரின்னு சொல்லிட்டேன்" என்றார். பிறகு ஒரு சாயங்காலம் கருவியைப் பிரித்து, செம்புக் கம்பியை நிதானமாகக் கண்டாகச் சுற்றி, மாணவிகளுக்கு ஆகும் என்று கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் அதை மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. மறக்காதவள் நான். உறவுக்காரர்கள் கேலியாக ஏதாவது சொல்லும்போதெல்லாம் எனக்குள் கூசும். போன தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வரிசையிலிருந்த அத்தை ஒருவர், "நகையெல்லாம் பத்திரமா வச்சுக்குங்கடி, ஆத்துல தாலி எடுத்தவங்க வந்திருக்காங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் லேசாகச் சிரித்துக்கொண்டு சாம்பார் வாங்கினார். என்னால் தாங்க முடியவில்லை. இலையை விட்டுக் கையை எடுத்து, நடந்தது அத்தனையும் சொன்னேன். துணிக்குவியல், நாடா, அந்தப் பெண்ணின் கெஞ்சல், ஒன்றையும் விடவில்லை. அண்ணி என் தொடையைத் தொட்டுத் தொட்டு அழுத்தியதை உணர்ந்தும் நிறுத்தவில்லை.

பந்தியில் சத்தம் அடங்கியது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் அடுத்த நிமிடமே ஒரு சித்தி தன் செல்போனை எடுத்தார். அந்த வீடியோ அவரிடம் இன்னும் இருந்தது. "அப்ப இவதான் அந்தக் கள்ளியா?" என்று அதில் கொடியை வாங்கிக்கொள்ளும் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். போன் கை மாறிக் கை மாறி வரிசையின் கடைசிக்குப் போனது. அங்கிருந்து ஒரு குரல், "இது குளித்தலைப் பொண்ணு மாதிரி இருக்கே. எங்க சம்பந்தி வீட்டுத் தெருதான்." அண்ணி இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. "உங்க மேல இருந்த பழியத்தானே அண்ணி துடைச்சேன்" என்று நானாகவே ஆரம்பித்தேன். "அது என் மேல இருந்துச்சு. எனக்கு அது கனக்கல. உனக்குத்தான் என்கூட நிக்க வெக்கமா இருந்திருக்கு, இத்தன நாளும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் விஷயத்தைத் தெருவில் யாருக்கும் சொல்லாமல் காத்த அதே குரலில்தான் சொன்னார். சத்திரத்தில் இறங்கியபோது கூட்டத்தில் நான் தடுமாறாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, அந்தக் குளித்தலைச் சம்பந்தி உள்ளவருக்கு போன் செய்தேன். நேற்று நான் சொன்னதை அங்கே யாருக்கும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அடடா, நீ சொன்னதையும் எழுதி அந்த வீடியோவ நேத்தே அனுப்பிட்டேனேம்மா" என்றார் அவர். "அந்தப் பொண்ணோட மாமியார் பாத்துட்டாங்க போலிருக்கு." நான் போனை வைத்துவிட்டு வந்தபோது அண்ணி அடுப்படியில் எனக்கு டிபன் பாக்ஸில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். யாரிடம் பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. நான் இன்றுவரை அவரிடம் சொல்லவுமில்லை.