மலைத்தாய்க்கு ஒட்டியாணம்

அகதி முகாமில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் குழாயடியில் வாயைத் திறந்தால் விளக்கணைக்கும் வரை மூடாது. தகரக் கூரையில் மழை கொட்டினாலும் அதற்கு மேலே அவள் குரல்தான் கேட்கும். பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொண்டாளா என்றால், அதுதான் இல்லை. பெருமைப்பட்டாள்.

அவளுடைய அறை சரிவின் அடியில் இருந்தது. போன மழைக்கு மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் அழையாத விருந்தாளியாக உள்ளே நுழைந்து, பாத்திரங்களை மிதக்கவிட்டு, போகும்போது அவளுடைய செருப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. இரண்டையும் எடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இந்த முறை அதே தரையில் நாத்தனாரின் குழந்தை படுக்கப் போகிறது. மழையும் பிரசவமும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே மாதத்தில் வருவதாக இருந்தன. பிறந்த பிள்ளை ஈரத்தில் கிடக்கக் கூடாது, ரேடியோவுக்கு அது ஒன்றுதான் கவலை.

அந்த நேரம் பார்த்து முகாமில் பருவநிலைக் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். அதில் அகதிப் பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டுமாம். யார் வாய் பெரிதோ அவளைப் பிடித்து அனுப்பினார்கள். முதல் கூட்டத்திலேயே ரேடியோ விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மேட்டுக்குக் குறுக்கால ஒரு வாய்க்கால் வெட்டணும் மேடம். வெட்டின மண்ணக் கீழ்ப்பக்கம் கரையாப் போட்டு, அதுல புல்லு நடணும். வேரு மண்ணப் பிடிச்சுக்கும். தண்ணி நின்னு உள்ள இறங்கும், மிச்சம் ஓடைக்குப் போயிடும். எங்க மலையில எல்லா வயலுக்கும் இப்படித்தான்."

திட்ட அதிகாரி அம்மா புன்னகைத்தார். இன்ஜினியர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார்.

"நல்லதும்மா. ஆனா உங்க முன்னோர்கள்கிட்டேருந்து வந்த பாரம்பரிய அறிவு ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்" என்றார் அதிகாரி.

ரேடியோ திருதிருவென்று முழித்தாள். அப்படியானால் இவ்வளவு நேரம் அவள் எதைச் சொன்னாளாம்?

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க கீரை விலை சொல்ற மாதிரி சொல்லியிருப்பீங்க அண்ணி. கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டு சொல்லிப் பாருங்க."

அடுத்த கூட்டத்துக்கு ரேடியோ பக்கத்து அறையில் இரவல் வாங்கிய கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போனாள். கண்ணை மூடினாள். குரலைப் பாதாளத்துக்கு இறக்கினாள்.

"மலைத்தாய் இடுப்புல ஒட்டியாணம் இல்லாம நிக்கிறா…"

இன்ஜினியர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அதிகாரியின் பேனா பறந்தது. ஒட்டியாணம் என்பது வாய்க்கால், அதில் பதித்த பச்சைக்கல் என்பது புல், எல்லாம் சொல்லி முடித்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாய் எந்தக் காலத்தில் நின்றது?

"வெட்டறவங்க வேலை முடியறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா அவ கோவிச்சுக்குவா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயாலேயே தான் மாட்டிக்கொண்டது அவளுக்கு உறைத்தது.

வெட்டுகிற நாள் வந்தது. முகாமே வேடிக்கை பார்க்கக் கூடியது, வாய்க்காலை அல்ல, வாயை மூடிய ரேடியோவை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினாள், கூடையைக் கொடுத்தார்கள். கூடை வேண்டாமென்று தலையாட்டினாள், கடப்பாரையைக் கொடுத்தார்கள். நாத்தனார் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வேலையில் பாறை ஒன்று குறுக்கிட்டது. இன்ஜினியர் அளவுக்கயிற்றை அங்கிருந்து நேரே கீழ்நோக்கித் திருப்பினார். கயிற்றின் முனை ரேடியோவின் வாசலைக் காட்டியது. அவள் இரண்டு கையையும் வீசி வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆசீர்வாதம் என்று நினைத்து அவர் கும்பிட்டார். கயிற்றின் முன்னால் போய் நின்று காலை உதைத்தாள். அதிகாரி பரவசமாகிப் படம் பிடிக்கத் தொடங்கினார். மற்ற பெண்களும் சடங்கில் இதுவும் சேர்த்திபோல என்று வரிசையாக நின்று காலை உதைத்தார்கள். புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

கயிறு காட்டிய பக்கம் முதல் வெட்டு விழுந்தது. ரேடியோ நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள், வாயைத் திறந்துவிட்டாள்.

"நிறுத்துங்க தம்பி! அங்க வெட்டினா மேட்டுத் தண்ணி மொத்தமும் எங்க வீட்டுக்குள்ளதான் வரும்!"

கால்கள் நின்றன. "ஐயோ, மலைத்தாய்…" என்றார் அதிகாரி.

"மலைத்தாயும் இல்ல, ஒட்டியாணமும் இல்ல. அதெல்லாம் நான் விட்ட கதை. வாய்க்கால் மட்டும்தான் நெஜம். எங்க ஊருல நானும் எங்கம்மாவும் வருஷா வருஷம் வெட்டினது. மொதல்ல நேராத்தான் சொன்னேன். யாரு கேட்டீங்க?"

அதிகாரி கைபேசியை மெல்லக் கீழே இறக்கினார். இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். பிறகு கயிற்றின் முனையை அவளிடம் நீட்டினார்.

"அப்ப எந்தப் பக்கம் திருப்பணும்க்கா?"

இந்த முகாமில் அவளிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள், எந்த நாடு என்று கேட்டிருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. புழுதி, புழுதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை வாங்கி, பாறையைச் சுற்றி ஓடைப் பக்கம் நடந்தாள். போகிற போக்கிலேயே, மண்வெட்டியை அப்படிப் பிடித்தால் முதுகு போய்விடும் என்று, மண்வெட்டியோடு பின்னால் வந்த இன்ஜினியரை ஒரு பாட்டம் திட்டியும் தீர்த்தாள்.

மழை கொட்டிய அன்று பிள்ளைக்கு நான்கு நாள். ஆளாளுக்குத் தூக்கி வைத்துக்கொள்ளக் கை நீட்டினார்கள். ரேடியோ கொடுக்கவில்லை. தரையில் பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த தரையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.