வாய்க்கரிசிக்கு முன் அவர் உண்ட சோறு

வேலாயுதம் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் மேரக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னவர் எங்கள் மெஸ்ஸில் தினமும் காலை டிபன் சாப்பிடும் ஜீப் டிரைவர். "அக்கா, நம்ம ஃபேக்டரி வேலாயுதம் தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றார். நான் கத்தியைக் கீழே வைப்பதற்குள் மீதியையும் சொல்லிவிட்டார். "என்ன இருந்தாலும் பழைய குடி சும்மா உடுமுங்களா? திருட்டுத்தனமாக் குடிச்சுட்டுத்தான் இருந்தாருன்னு அவரு மச்சானே எதுத்த கடைல சொல்லிட்டு இருக்காருங்க."

அன்றைக்கு அந்த டிரைவருக்கு என் கடையில் டிபன் கிடைக்கவில்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அவருக்கும் நன்றாகவே தெரிந்தது.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை. நான் ஜெகதளா போகும் சாலையில் மெஸ் நடத்துபவள்; எழுத்து என் தொழில் அல்ல. அண்ணனின் பதினாறாம் நாளன்று படிக்க ஏதாவது எழுதித் தரும்படி அவர் மனைவி சரோஜா கேட்டபோது உடனே சரி என்றதற்குக் காரணம் அந்தப் பேச்சுதான். குடியை விட்ட ஒரு மனிதர், பல ஆண்டுகள் ஒரு சொட்டுத் தொடாமல் வாழ்ந்து முடித்த பிறகு, அவர் பெயரில் மீண்டும் சாராயத்தை ஊற்றப் பார்த்தார்கள். அதைத் துடைக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அண்ணன் சிறு வயதில் பெற்றோருடன் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இங்கே தேயிலை ஃபேக்டரியில் டிரையரில் வேலை. பகலெல்லாம் இலை காயும் சூட்டில் நின்று, சாயங்காலம் வெளியே வந்தால் குன்னூர்க் குளிர். என் மெஸ்ஸுக்கு நேர் எதிரே மதுக்கடை. அங்கே அவரை முதன்முதலில் தோளில் கைபோட்டு அழைத்துப் போனவர் சரோஜாவின் அண்ணன் தனபால்.

எனக்கும் அந்தக் கடையோடு பகை உண்டு. என் வீட்டுக்காரர் அதன் வாசலில் விழுந்தவர்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. வேறு இடத்தில் மெஸ் வைக்கும்படி எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் ஏன் நகர வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் திடீரென்று குடியை நிறுத்தினார். மறுநாளே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, "இவ்வளவு வருஷம் குடிச்சவர் எங்களைக் கேக்காம தானா நிறுத்தலாமா? உயிரே போயிருக்குமே" என்று கடிந்துகொண்டு, சில நாள் அங்கேயே படுக்க வைத்து மருந்து கொடுத்தார். அனுப்பும்போது, "இனிமே சாப்பாடும் மருந்துதான். பசிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்கு உள்ளே போகணும்" என்றாராம்.

சரோஜா அவரைக் கைத்தாங்கலாக என் மெஸ்ஸுக்கு அழைத்து வந்தார். சட்டை அவர் மேல் கொடியில் காய்வது போலத் தொங்கியது. "பகல்ல நான் கொழுந்து பறிக்கப் போயிருவேன் அக்கா. இவருக்கு நேரத்துக்கு ஏதாச்சும் குடுங்க. காசு நான் தாறேன்" என்றார் சரோஜா. காசைப் பற்றி இன்னொரு தடவை பேசினால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அவரைச் சாப்பிட வைப்பது லேசான காரியமாக இல்லை. ரசம் தாளிக்கிற வாசம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். இட்லியை வாயில் வைத்தால் பஞ்சை மெல்லுவது போல மென்றுகொண்டே இருப்பார், இறங்காது. கடைசியில் பாசிப்பருப்புப் போட்டுக் குழையக் கஞ்சி வைத்தேன். ஸ்பூனைப் பிடித்த கை ஆடிய ஆட்டத்தில் பாதிக் கஞ்சி மேசையில் கொட்டியது.

எதிர்க்கடை வாசலிலிருந்து தனபால் இதைப் பார்த்துவிட்டார். சாலையைக் கடந்து உள்ளேயே வந்து நின்றார். "என்னா மச்சான், கஞ்சி மேசைக்கா, ஒனக்கா?" என்றார். மெஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உற்சாகம் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நல்லாக் கேட்டுக்கங்க. இனி இவன் தொண்டையில எறங்கப் போற சோறு வாய்க்கரிசிதான். அதையும் நான்தான் போடப் போறேன்."

தனபால் சாலையைக் கடந்து திரும்பும் வரை அண்ணன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "தங்கச்சி, இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

"ஏனுங்கண்ணா, கொமட்டுமுங்க. மெதுவா அப்பறம் சாப்புட்டுக்கலாம்."

"கொமட்டட்டும். அவன் அரிசி போடுறதுக்கு முந்தி நான் எவ்வளவு சோறு திங்கிறேன்னு அவன் கண்ணால பாக்கணும். விளங்குதா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. அன்றிலிருந்து அவருக்கு நான் சமைத்தது பாதி அன்பால், பாதி வஞ்சத்தால். முட்டையை வேக வைத்துக் கொடுத்தேன். கீரை, பச்சைப்பயறு, கேரட் பொரியல், கட்டித் தயிர். காரத்தைக் குறைத்தேன், எண்ணெயைக் குறைத்தேன், வஞ்சத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

வேலையில் திரும்பச் சேர்ந்த பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஃபேக்டரி விட்டதும் நேரே மெஸ்ஸுக்கு வருவார். உள்ளே உட்கார மாட்டார். வாசலில் கிடந்த பெஞ்சை மதுக்கடையைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, மடியில் தட்டை வைத்துக்கொள்வார். வழக்கமாகக் குடிக்கிற அதே நேரம். நிதானமாக மென்று சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். தனபால் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அண்ணன் அந்தச் சொல்லைத் தட்டாமல் கேட்டார்.

அந்த நேரத்தில் அவருக்கு இனிப்பு மேல் வெறி வரும். "நாக்கு அலையுது தங்கச்சி" என்று ஒரு பாக்கெட் வர்க்கியை உட்கார்ந்த இடத்தில் தீர்த்துவிடுவார். அத்தனையும் மைதாவும் நெய்யும் என்று வர்க்கி டப்பாவை ஒளித்துவிட்டு வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் கொடுத்தேன். கொஞ்ச நாள் எனக்கு ஜெயிலர் என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரு சாயங்காலம் தனபால் கிளாஸ் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து பெஞ்சில், அண்ணனுடைய தொடையை ஒட்டி வைத்தார். "தொட்டுக்க ஒண்ணும் இல்லாம சோறு எறங்காதே மச்சான்" என்றார். அண்ணனின் கை தட்டில் அப்படியே நின்றது. கண் கிளாஸில் இருந்தது. அதை நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன். கரண்டியோடு கீழே இறங்கினேன்.

"நீ உள்ள போ தங்கச்சி" என்றார் அண்ணன்.

அன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார். ஒரு துண்டை எடுத்து நன்றாகக் கடித்து உறிஞ்சினார். சக்கையை அந்த கிளாஸுக்குள் போட்டார். அடுத்த துண்டை எடுத்தார், சவைத்தார், அதையும் போட்டார். தட்டிலிருந்த துண்டெல்லாம் தீர்ந்தபோது கிளாஸில் சாராயம் தெரியவில்லை. "இந்தா மச்சான், ஒன் கிளாஸ்" என்று நீட்டினார். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆனால் அதுவரை அவர் சாப்பிட்டதெல்லாம் வீம்புக்குத்தான். ருசி தெரியவில்லை என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். "மண்ணு மாதிரி இருக்கு தங்கச்சி. அவன் பேரச் சொல்லித்தான் ஒவ்வொரு வாயும் முழுங்குறேன்" என்பார். இப்படியே எத்தனை நாள் ஓடும் என்று எனக்குள் பயம் இருந்தது.

சாலையே தெரியாமல் மூடுபனி இறங்கி, சற்று விலகிய ஒரு நாள், கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்திருந்தேன். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மறுபடி களி கேட்டார். குழம்பை வழித்து விரலை நக்கினார். குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார்.

"தங்கச்சி, அவன் இன்னைக்கு வரலையா?"

"வந்திருந்தாருங்கண்ணா. ரெண்டு வாட்டி பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. நீங்க திரும்பியே பாக்கலீங்க."

தட்டோடு பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். பிறகு தேறி வந்திருந்த அந்த உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். "எனக்குப் பசிச்சிருக்கு தங்கச்சி. மெய்யாலுமே பசிச்சிருக்கு" என்றார். நானும் அழுதேன். மறுநாள் பழையபடி எதிர்க்கடையைப் பார்த்தே உட்கார்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பசி வந்துவிட்டது என்பதற்காக அவர் யாரையும் மன்னித்துவிடவில்லை.

பிறகு அந்த பெஞ்சுக்கு வேறு ஆட்களும் வந்தார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து, ஃபேக்டரியிலிருந்து, கை நடுங்குகிறவர்களை அண்ணனே அழைத்து வருவார். முதலில் டாக்டர், அப்புறம்தான் தங்கச்சி கஞ்சி என்பது அவர் வைத்த சட்டம். ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் கூனிக் குறுகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வது ஒன்றுதான்: "ஒரு வாய் போதும். யாரு மேல கோவமோ அவன் பேரச் சொல்லி முழுங்கு." சிலர் தேறினார்கள். சிலர் மறுபடி சாலையைக் கடந்து போனார்கள். போனவர்கள் திரும்பி வந்தபோதும் அவர் தட்டு வைத்தார்.

இறப்பதற்கு முந்தின சாயங்காலம் அவர் என் மெஸ்ஸில் சாப்பிட்டது தேங்காய்ச் சம்பலோடு ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கீரை. சம்பலில் உப்புக் கம்மி என்று குறை சொன்னார். பக்கத்தில் நின்று பேசினேன். அவரிடம் வெங்காய வாசம் அடித்தது, வேறு எந்த வாசமும் இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லயத்து வாசலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தனபால் குளித்து, திருநீறு பூசி, அதற்கு மேலும் சாராய வாசம் வீச வந்தார். வாய்க்கரிசிக்கு எல்லாரும் வரிசையாக நின்றோம். அவர் முறை வந்தது. அரிசியை அள்ளினார். கை ஆடியது. அரிசி அண்ணனின் மார்பில் சிதறியது, மாலையில் சிதறியது, காதோரம் விழுந்தது. வாய்க்குள் ஒரு மணி போகவில்லை. இன்னொரு முறை அள்ளினார். அதுவும் அப்படியே போனது. பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கையைப் பிடித்து உதவ எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது முறை அவர் அரிசித் தட்டில் கை வைத்தபோது சரோஜா தட்டை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"போதும்ண்ணே. அவரு சாப்புட்டுட்டுத்தான் போனாரு."

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்றுக் காலை, எதிர்க்கடை திறப்பதற்கு முன்னால், தனபால் என் மெஸ் வாசலில் வந்து நின்றார். "கஞ்சி இருக்கா?" என்றார்.

"கஞ்சி மேசைக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று கேட்டேன். பல வருஷமாக வாயில் வைத்திருந்த கேள்வி.

தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான்."

"அண்ணன் திருட்டுத்தனமாக் குடிச்சாருன்னு சொன்னீங்களே, அது?"

"பொய்யி."

"சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்கு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்கல்ல, அப்புடி."

டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஜீப் டிரைவரும் அங்கே இருந்தார். தனபால் சுவரைப் பிடித்துக்கொண்டு, "பொய்யி சொன்னேன். வேலாயுதம் குடிக்கல" என்றார். அதன் பிறகுதான் நான் கரண்டியைக் கையில் எடுத்தேன். தானாக நிறுத்தித் தொலைக்க வேண்டாம், சரோஜாவோடு முதலில் டாக்டரிடம் போக வேண்டும் என்றும் சொன்னேன்.

அண்ணா, உங்கள் மச்சானை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தட்டை அவருக்குத் தரவில்லை. அதைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அங்கேயே இருக்கும். வேறு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, உங்கள் பெஞ்சில், எதிர்க்கடையைப் பார்க்கத்தான் அவரை உட்கார வைத்தேன். பாதி கொட்டியது. கொட்டாத பாதியை அவர் ஒவ்வொரு வாயாக, ஏதோ ஒரு பெயரை முணுமுணுத்து விழுங்கினார். என் பெயராகத்தான் இருக்கும். சொல்லிச் சொல்லியே விழுங்கட்டும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.